நெற்றியில் அக்கி, கண்ணும் சிவந்திருக்கிறது: எழுதினால் போதுமா?

காரைக்குடியில் இருக்கும் அப்பச்சிக்கு நெற்றியில் அக்கி கண்டு, கண் சிவந்து நீர் வடிகிறது. காவி குழைத்துப் பூசி அக்கி எழுதினால் போதும் என்கிறார்கள், கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டும், இன்றே. மூக்கு நுனியில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்குள்ளும் செல்பவை ஒரே நரம்பின் கிளைகள். அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். இல்லாவிட்டாலும், கண் சிவந்த பிறகு காத்திருக்காதீர்கள்.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அதே நரம்பு வழியே அக்கியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கத்தோடு நிற்கிறது.

எங்கள் தேவகோட்டைப் பக்கம் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால், எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளம் காய்ந்துவிடும். கண்ணுக்குள் நடப்பதைக் காவி தடுக்காது. என் அம்மானுக்கு (தாய்மாமாவுக்கு) நெற்றிப் புண் ஆறி, வீடே நிம்மதி அடைந்த பிறகுதான் பார்வை மங்கியது. மதுரையில் சோதித்தபோது கண்ணுக்குள் அழற்சி, கண் அழுத்தமும் கூடியிருந்தது. பார்வையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கருவிழியில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தூசி விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை, அவர் மனைவி அம்மான்மிண்டிதான் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார். புண் ஆறினாலும் கண் பரிசோதனையை நிறுத்தாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான்.

அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் பாதிக்கப்பட்டிருந்தால் தாமதமானாலும் மருத்துவர் கொடுப்பார். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சிலருக்கு மூன்று மாதம் கடந்தும் நரம்பு வலி நீடிக்கும். சேலை முந்தானை உரசினாலே துடிப்பார்கள். அதை வயதானவரின் புலம்பல் என்று ஒதுக்குவது பெரும் பாவம். சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது. காபாபென்டின், பிரிகாபாலின் போன்றவை பலருக்கு உதவும். தலைசுற்றலும் தூக்கமும் வரும் என்பதால், இரவில் வளவுப் படிகளில் அப்பச்சியைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

வீட்டில் சின்னம்மை வராத குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அவர்களை விலக்கி வையுங்கள். அப்பச்சியின் துண்டையும் தனியாகத் துவையுங்கள்.