சுகர் வருவதற்கு முன்பே பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனியே 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு போட்டிருக்கிறது. அப்பாவுக்கு 57 வயது, பத்து வருடமாகச் சுகர். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. தனியாக ஒரு பாலிசி இப்போதே எடுக்க வேண்டுமா, கல்யாணம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: இப்போதே எடுத்துவிடுங்கள் தம்பி. "ஒன்றும் இல்லை" என்று படிவத்தில் உண்மையாக எழுத முடிகிற வயது இது.

நானும் 43 வயது வரை கம்பெனி காப்பீட்டை நம்பித்தான் இருந்தேன். வேலையை விட்டதும் அதுவும் போய்விட்டது. தனியாக எடுக்கப் போனபோது ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சுகர் 7.4 என்று வந்தது. ஒரு கம்பெனி முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டது. இன்னொன்று பிரீமியத்தைக் கூட்டிக் கேட்டது. சுகர் சம்பந்தப்பட்ட எதற்கும் நான்கு வருடம் பொறுக்க வேண்டும் என்றது. வேறு வழியில்லாமல் அதைத்தான் எடுத்தேன். அந்த நான்கு வருடமும் காலில் சின்னப் புண் வந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது.

விதி இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்தான் காத்திருக்க வைக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது நீங்கள் பணம் கட்டி பாலிசி எடுத்த நாளிலிருந்துதான். உங்களுக்கு நோயே இல்லாததால் அந்தக் காத்திருப்பே கிடையாது. முதல் 30 நாள் பொதுவாக எந்த நோய்க்கும் கிளைம் கிடைக்காது, விபத்துக்கு மட்டும் உண்டு. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். 29 வயதில் எடுத்தால் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். நாளைக்கு 35 வயதில் சுகர் வந்தாலும், அதைக் காட்டி உங்கள் புதுப்பிப்பை மறுக்க முடியாது, உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. வயது கூடும்போது எல்லாருக்கும் ஏறுகிற ஏற்றம் மட்டும் இருக்கும்.

கம்பெனி காப்பீடு இருக்கட்டும், அதை விட வேண்டாம். அது உங்கள் வேலையோடு சேர்ந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தொகையைப் பார்க்கும் அளவுக்கு அறை வாடகை வரம்பையும் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் "ஒரு சதவீதம்" என்று இருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறைதான் கணக்கு. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 8,000 ரூபாய் அறையில் படுத்தால், கூடுதல் 3,000 மட்டும் நம் தலையில் விழும் என்று நினைத்துவிடக் கூடாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசிக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அப்பா. அவரை உங்களோடு ஒரே ஃப்ளோட்டர் பாலிசியில், அதாவது குடும்பமே ஒரு தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசியில், சேர்க்காதீர்கள். வீட்டில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அவருக்குத் தனியாக எடுங்கள், சுகரை மறைக்காமல் எழுதுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது. ஆறு வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "பிபி எல்லாருக்கும்தான் இருக்கு, எழுத வேண்டாம்மா" என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பாலிசி வந்து 12 நாள் ஆகிறது. மனசு உறுத்துகிறது.
– லாஸ்பேட்டை வாசகி

பதில்: உறுத்தியது நல்லது அம்மா, நாள் இன்னும் இருக்கிறது. ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. கிளைம் வரும்போது அவர் பக்கத்தில் நிற்க மாட்டார். மருத்துவமனையில் சேர்ந்ததும் "எத்தனை வருடமா பிபி?" என்று நர்ஸ் கேட்பார், நீங்களும் ஆறு வருடம் என்பீர்கள், அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய பழையதைக் கிளற முடியாது என்பது விதி. அதை நம்பி ஐந்து வருடம் பயந்துகொண்டு வாழ வேண்டாம்.

இன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பிபி இருக்கிறது, எந்த மாத்திரை, எத்தனை வருடமாக, படிவத்தில் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று. மருந்துச் சீட்டையும் இணைத்துவிடுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், காத்திருப்பு போடலாம், இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். அவர்கள் சொல்வது ஒத்துவராவிட்டால், பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், இதுவரை ஓடிய நாட்களுக்கான தொகை போக மீதி திரும்ப வரும். கம்பெனி 30 நாளில் பதில் தராமல் இழுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் எழுதுங்கள். புதுச்சேரியும் அவருடைய எல்லைக்குள்தான், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அனுப்பிய மின்னஞ்சலின் ஒரு பிரதியைப் பாலிசி தாளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.