நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பிரவுன் சுகர் (ஹெராயின்) பழக்கத்துக்காக, போதைக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் ஓ.எஸ்.டி. மையத்தில் தினமும் நாக்குக்கு அடியில் வைக்க 4 மி.கி. புப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுக்கிறார்கள். காலையில் நன்றாக இருக்கிறான். இரவானால் கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல். 'இதுக்கு எதுக்குப் போகணும்?' என்கிறான். இவன் அப்பாவோ, 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா? சீக்கிரம் நிறுத்து' என்கிறார்.
- ஒரு தாய், சென்னை

பதில்: மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. அது அடம் அல்ல, வித்ட்ராயல்; அதாவது போதை கிடைக்காதபோது உடம்பு படும் தொல்லை. பலருக்கு 8 முதல் 16 மி.கி. வரை தேவைப்படும். 4-லேயே நிறுத்திவைத்தால் மீதியைத் தெருவில்தான் தேடுவார். 'மன உறுதி இல்லாதவன்' என்று பெயர் வாங்கிப் பாதியில் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் மருந்துதான் போதவில்லை. தொல்லை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவர் மாத்திரையை விழுங்கிவிடுகிறாரா என்றும் கேளுங்கள். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். வாய் காய்ந்திருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு நாக்குக்கு அடியில் வைத்து, முழுதும் கரையும்வரை (5 முதல் 10 நிமிடம்) பேச்சும் கூடாது, பீடியும் கூடாது. கரைந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். பல் துலக்குவது ஒரு மணி நேரம் கழித்துத்தான். இல்லாவிட்டால் பல் கெடும்.

அப்பாவுக்கு: பிரவுன் சுகர் சில மணி நேரத்தில் இறங்கி, அடுத்த பொட்டலத்துக்கு ஓடவைக்கும். இந்த மாத்திரை ஒரு நாள் தாங்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடும். அதன்பின் பிரவுன் சுகரைப் பழைய அளவில் போட்டாலே மூச்சு நின்றுவிடலாம். மாத்திரையை மாதக் கணக்கில், தேவைப்பட்டால் வருடக் கணக்கில் தொடரலாம்.

கேள்வி: புதிதாக வருகிற சிலர் முதல் நாள் மாத்திரை போட்டதும் 'இன்னும் மோசமாகிவிட்டது' என்று போய்விடுகிறார்கள். திரும்புவதே இல்லை.
- களப்பணியாளர், மதுரை

பதில்: பொய் சொல்லவில்லை அவர்கள். புப்ரெனார்ஃபின் மூளையில் ஹெராயின் உட்கார்ந்த இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும்; ஆனால் அதன் வேலையில் ஒரு பங்கைத்தான் செய்யும். அதனால் ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் வித்ட்ராயல் ஒரேயடியாக வரும். ஹெராயினைக் கடைசியாக எடுத்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகட்டும். இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெத்தடோனிலிருந்து மாறுகிறவருக்கு ஒரு நாளுக்கும் மேல். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். வித்ட்ராயல் தொடங்கிவிட்டதா, அதாவது கண்மணி விரிந்திருக்கிறதா, கையில் புல்லரித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் 2 அல்லது 4 மி.கி., பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துக் கவனிப்பு. அன்று மாலையே ஒரு போன். இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர் மறுநாள் வருவார்.

கேள்வி: சிறுநீர்ச் சோதனையில் ஹெராயின் தெரிந்தால் மருந்தை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மருந்தின் அளவு போதுமா என்று பாருங்கள்.

கேள்வி: என் தம்பி மெத்தடோன் குடிக்கிறான். டிபி மாத்திரை தொடங்கிய சில நாட்களில் மறுபடி உடம்பு முறுக்குகிறது என்கிறான்.
- வாசகி, திருச்சி

பதில்: டிபி மருந்திலுள்ள ரிஃபாம்பிசின், மெத்தடோனைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்துவிடும், புப்ரெனார்ஃபினையும் அப்படித்தான். டிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மருத்துவர்களுக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். மெத்தடோன் அளவை ஏற்ற வேண்டியிருக்கும். டிபி சிகிச்சை முடிந்ததும் ஏற்றியதைப் படிப்படியாக இறக்க மறந்துவிடாதீர்கள். அடுத்த ஓரிரு வாரங்களில் அதே அளவு அதிகமாகிவிடும்.