புகை பீரில் பிளாஸ்திரி நாற்றமா? தண்ணீரைப் பாருங்கள்

பீச் (beech) மரப் புகையில் உலர்த்திய மால்ட் (முளைகட்டிய தானியம்) பாதி போட்டு, குழாய்த் தண்ணீரில் காய்ச்சிய பீரில் பிளாஸ்திரி நாற்றம் அடிக்கிறது என்கிறீர்கள். மால்ட்டைக் குறை சொல்லாதீர்கள். ஜெர்மனியின் பாம்பெர்க்கில் முழுக்கப் புகை மால்ட்டிலேயே காய்ச்சுகிறார்கள். பன்றி இறைச்சி வாட்டிய வாசம்தான் வரும்.

என் சந்தேகம் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மேல். அது பீனால்களோடு (புகை வாசம் தரும் பொருள்கள்) சேர்ந்தால் பிளாஸ்திரி நாற்றமடிக்கும் குளோரோபீனால் உண்டாகும். துளி இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். புகை மால்ட்டிலோ பீனால் ஏற்கெனவே அதிகம். கொதிக்க வைத்தால் குளோரின் போகும், சில ஊர்த் தண்ணீரில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமின் லேசில் போகாது. அடுத்த முறை மால்ட் போடுமுன் 20 லிட்டர் தண்ணீருக்குக் கால் கேம்டன் மாத்திரை (இரண்டையும் முறிக்கும் சல்பைட் மாத்திரை) பொடித்துக் கலக்குங்கள். பாத்திரம் கழுவப் பிளீச் வேண்டாம், அதிலும் குளோரின்தான்.

அப்புறம், ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தி காட்டும் கருவி) அளவு இறங்கிக்கொண்டே போனால் காட்டு ஈஸ்ட்டும் (நாம் போடாமல் தானே புகும் ஈஸ்ட்) புகுந்திருக்கலாம், அதுவும் இப்படி நாற்றம் தரும். இப்போது காய்ச்சியது தேறாது, எவ்வளவு நாள் வைத்தாலும் அந்த நாற்றம் போகாது.