ஆண்கள் ஆடை நிறுவனக் குழு ஐரோப்பா போகும்போது பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இது: சென்னையில் சூட், சட்டை விற்கும் ஒரு நிறுவனம். ஜூனில் ஐந்து பேர் ப்ளோரன்ஸ், மிலான், பாரிஸ், போர்ட்டோ, லண்டன், கடைசியில் இஸ்தான்புல் போகிறார்கள். பதினாறு, பதினேழு நாள் இருக்கிறது. எந்த ஊருக்கு எத்தனை நாள்?

ஊர்ப் பட்டியலைவிட ஆள் பட்டியல்தான் எனக்கு உறுத்துகிறது. முதலாளி, அவருடைய மைத்துனர், மார்க்கெட்டிங் ஒருவர், டிசைனர், மெர்ச்சண்டைசர். கட்டிங் மாஸ்டர் எங்கே? துணியைத் தொட்டுப் பார்க்கவும், கோட்டின் அக்குள் வெட்டு எப்படி இறங்குகிறது என்று பார்க்கவும் போகிற பயணத்தில், அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை ஊரில் விட்டுவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. "மாஸ்டருக்கு இங்கிலீஷ் வராது" என்பார்கள். ஆர்ம்ஹோலுக்கு எந்த மொழியும் வேண்டாம். உண்மையான தடை வேறு. வாரக்கூலியைக் கையில் கொடுத்துப் பழகியதால் அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை, வங்கிக் கணக்கில் வரவு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. இந்தக் காகிதங்கள் இல்லாமல் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, கிடைப்பது கஷ்டம். இந்த ஜூனுக்கு முடியாவிட்டாலும், இந்த மாதத்திலிருந்தே அவர் சம்பளத்தை வங்கியில் போடுங்கள். அடுத்த பயணத்துக்காவது உதவும்.

இனி நாள் கணக்கு. ப்ளோரன்ஸில் நடக்கும் ஆண்கள் ஆடைச் சந்தையான பிட்டி உவோமோ ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூனிலும். வழக்கமாகச் செவ்வாய் முதல் வெள்ளி வரை. அங்கே காட்டுவது தைத்து முடித்த ஆடை: ஜூனில் அடுத்த ஆண்டின் கோடைக்கானது, ஜனவரியில் வரப்போகும் குளிர்காலத்துக்கானது. துணிக்கான சந்தை மிலானோ யூனிகா, அது ஜூலையில். இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முடியாது, நடுவில் சில வாரம் இடைவெளி விழும். ஜூனில் போகிறவர்கள் துணிக்காக நேரே மில்லுக்குப் போவதுதான் வழி. பாரிஸின் பெரிய துணிச் சந்தையான பிரீமியர் விஷனும் ஜூனில் கிடையாது. ஜூன் கடைசியில் நடக்கும் ஆண்கள் ஃபேஷன் வீக்குக்கு அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பாரிஸை வெட்டுங்கள். மைத்துனர் வருத்தப்படுவார், பரவாயில்லை.

பிட்டிக்கு நான்கு நாளும் தேவையில்லை. முதல் நாள் பழைய வாடிக்கையாளர்களோடு ஸ்டாலில் கூட்டமாக இருக்கும், புதிய முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. கடைசி நாள் மத்தியானம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். புதன், வியாழன் முழுதாக, வெள்ளி காலை மட்டும் என்றால் போதும். வணிகர்களுக்கு மட்டுமான சந்தை, நிறுவன ஆவணத்தோடு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இடம் ஃபோர்டெட்ஸா தா பாஸோ கோட்டை, சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்த வாரம் ப்ளோரன்ஸ் ஓட்டல் வாடகை கண்ணைக் கட்டும். பிராட்டோவில் தங்கினால் ரயிலில் அரை மணிக்குள், போலோன்யாவில் தங்கினால் அதிவேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாம். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதம்.

வெள்ளி மாலை மிலான். சனி, ஞாயிறு மில்கள் மூடியிருக்கும், கடை பார்க்க அந்த இரண்டு நாள். தையல் டேப்பை மறக்காதீர்கள், ஆனால் அதைக் கடைக்கு நடுவில் எடுக்காதீர்கள். டிரையல் ரூமில் அளந்து பாருங்கள். இத்தாலிய சைஸ் 50 என்றால் பாதி மார்பு 50 செ.மீ. டிராப் 6 என்றால் பாதி இடுப்பு அதில் 6 செ.மீ. குறைவு, அதாவது 44. டிராப் 8 இன்னும் ஒட்டிப் பிடிக்கும். நம்மூர் உடம்புக்கு இந்த டிராப் கணக்குதான் பெரும்பாலும் உதைக்கும். மார்புக்குச் சரியான கோட்டு வயிற்றில் இழுக்கும். அதை வெறுமனே "ஃபிட் சரியில்லை" என்று எழுதி வைத்தால் ஊருக்கு வந்தபின் ஒன்றும் புரியாது. சைஸ், டிராப், முதுகு நீளம், தோள், கை நீளம் எல்லாவற்றையும் எண்ணாக எழுதுங்கள்.

திங்கள், செவ்வாய் கம்பளித் துணி மில்கள் இருக்கும் பியெல்லா. பயணத்தின் உயிர் இங்கேதான். மிலானிலிருந்து ரயிலில் போனால் பெரும்பாலும் சாந்தியாவில் மாறவேண்டி வரும், ஆனால் மில்கள் ஊருக்குள் இல்லை, மலைச்சரிவில் சிதறிக் கிடக்கின்றன. கார் கட்டாயம். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். ஒரு குழப்பம்: மில்காரர்கள் ட்ரிவேரோ, வல்லே மோஸோ என்று பழைய பேரைச் சொல்வார்கள். 2019 முதல் அவையெல்லாம் வால்டிலானா என்ற ஒரே நகராட்சி. தெருப் பேரை மட்டும் நம்பாமல் மில் பேரைப் போட்டு வரைபடத்தில் தேடுங்கள். அதே காரை ப்ளோரன்ஸுக்கோ மிலானுக்கோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். பழைய நகரப் பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், வாடகைக் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும்.

இந்த ஊரில் கம்பளி மில் வந்ததற்குக் காரணம் தண்ணீர். ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் நீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, கம்பளியை அலசினால் மென்மை கெடாது. விட்டாலே பார்பெரிஸ் கானோனிகோ என்ற மில்லின் பேர் 1663ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. ட்ரிவேரோவில் செஞ்யா மில் 1910இல் தொடங்கியது.

மில்லுக்குள் போனதும் நம் ஆட்கள் விழுகிற முதல் பள்ளம் எடை. திருப்பூர்ப் பழக்கத்தில் ஜிஎஸ்எம்மில் யோசிப்போம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. இத்தாலிக்காரர் 260 கிராம் என்றால் அது ஓடும் மீட்டருக்கு, 150 செ.மீ. அகலத்துக்கு. 260ஐ 1.5ஆல் வகுத்தால் 173 ஜிஎஸ்எம். இது தெரியாமல் "260 கனமாச்சே, சென்னைக்கு ஆகாது" என்று நல்ல துணியைத் தள்ளிவிட்டு, ஜிஎஸ்எம் எண்ணை மனதில் வைத்து எதையோ மெல்லிசாக ஆர்டர் போட்டு வருகிறவர்கள் உண்டு. லண்டனில் கணக்கு அவுன்ஸ். கஜத்துக்கு 9 அவுன்ஸ் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 280 கிராம். மூன்று ஊரின் எண்ணையும் ஒரே பத்தியில் கிராமாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பள்ளம் கம்பளித் துணியில் போடும் சூப்பர் எண். சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 120க்கு 17.75, 150க்கு 16.25. எண் ஏற ஏற இழை மெலிகிறது, அவ்வளவுதான். தரம் ஏறுகிறது என்று அர்த்தமில்லை. தினமும் பைக்கில் ஆபீஸ் போகிற வாடிக்கையாளருக்கு சூப்பர் 150இல் பேன்ட் தைத்துக் கொடுத்தால், உட்காரும் இடமும் உள்தொடையும் சீக்கிரம் தேய்ந்து கடைக்குத் திரும்பி வரும். நம் வெயிலுக்குத் தேவை அதிக முறுக்குள்ள நூலில் நெய்த, பிளெய்ன் நெசவுத் துணி. பார்க்கும் விதம்: ஓரத்திலிருந்து ஒரு பாவு நூலையும் (நீளவாக்கில் ஓடுவது) ஒரு ஊடை நூலையும் (குறுக்கே ஓடுவது) உருவுங்கள். விரலிடையில் முறுக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். இரண்டு புரியாகப் பிரிந்தால் இரட்டை நூல், பிரியாமல் பஞ்சாக அவிழ்ந்தால் ஒற்றை. பாவு இரட்டை, ஊடை ஒற்றை என்பது விலையைக் குறைக்கும் வழி. தப்பில்லை, ஆனால் இரட்டை என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுக்கக்கூடாது. பிறகு துணியை முஷ்டியில் கசக்கி, பத்து எண்ணி, விடுங்கள். நல்ல முறுக்கு நூல் தானே விரியும். கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், சிறு கண்கள் தெரிந்தால் காற்று புகும்.

"இதெல்லாம் வீடியோ காலில் பார்க்கலாமே, ஏஜென்ட் பார்த்துக்கொள்வாரே" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: நூலை உருவிப் பார்க்க வீடியோவில் விரல் கிடையாது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் ஆர்டரில்தான் வருகிறது, நீங்கள் தள்ளிவிடும் துணியில் இல்லை.

மினிமம், அதாவது குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று கேளுங்கள். மில் பேசுவது பீஸ் கணக்கில், ஒரு பீஸ் ஏறத்தாழ 50 முதல் 60 மீட்டர். ஒரு சூட்டுக்கு 3 முதல் 3.5 மீட்டர் என்றால், ஒரு நிறத்தில் பதினான்கு சூட்டாவது தைத்தாக வேண்டும். அவ்வளவு ஓடாது என்றால் ஸ்டாக் துணியை வெட்டி வாங்கலாம், மீட்டர் விலை கூடும். டெலிவரி தேதி பேசும்போது ஆகஸ்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலிய மில்கள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஜூலை கடைசியில் போட்ட ஆர்டர் செப்டம்பரில்தான் கண்விழிக்கும்.

ஒவ்வொரு துண்டுத் துணியையும் ஒரு அட்டையில் பின் அடித்து, மில், ஆர்ட்டிகிள் எண், எடை, கலவை, விலை, மினிமம், டெலிவரி என ஏழு விஷயம் அன்றிரவே எழுதுங்கள். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லா நேவி புளூவும் ஒரே நேவி புளூதான்.

புதன் போர்ட்டோவுக்கு விமானம், வியாழன், வெள்ளி குய்மராய்ஸ் பக்கத்துச் சட்டை ஆலைகள், போர்ட்டோவின் சாவ் பென்டோ நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணிக்குச் சற்று மேல். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஜூன் 24 போர்ட்டோவுக்கும் குய்மராய்ஸுக்கும் உள்ளூர் விடுமுறை. 23 இரவு போர்ட்டோவே தெருவில் நிற்கும். அந்தத் தேதி உங்கள் ஆலை நாளில் விழுந்தால் நகர்த்துங்கள்.

லண்டனைக் கடைசிப்பக்கம் வைத்ததற்குக் காரணம் விசா. லண்டன் நடுவில் வந்தால் ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைய வேண்டும், அதற்குப் பலமுறை நுழைவு விசா தேவை. கடைசியில் வந்தால் ஒருமுறை நுழைவே போதும். ஷெங்கனுக்கு அதிக நாள் தங்கும் நாட்டுக்கு, அதாவது இத்தாலிக்கு, விண்ணப்பியுங்கள். கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பிரிட்டன் விசா தனி, பாஸ்போர்ட்டை அவர்களும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். செல்லுபடியாகும் பிரிட்டன் விசா கையில் இருந்தால் துருக்கிக்கு இ-விசா எடுக்கும் வாய்ப்பு உண்டு. லண்டனின் தையல் தெருவான சாவில் ரோவில் தையல்காரர்களின் கதவை முன்பதிவு இல்லாமல் தட்டாதீர்கள். இஸ்தான்புல்லில் மொத்த வியாபாரத்துக்கு மெர்ட்டர், லாலெலி பகுதிகள், இரண்டு நாள் போதும்.

கடையில் வாங்கும் மாதிரிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும், வியாபார மாதிரிக்கு இல்லை. லண்டனில் அதுவும் 2021 முதல் கிடையாது. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஊருக்கு வந்தபின் உங்கள் அக்கவுண்ட்ஸ்காரர் இத்தாலிய மொழியில் இருக்கிறது என்று அதைத் தள்ளுவார், அது வேறு ரத்தக்கண்ணீர். மைத்துனரின் டாக்ஸி பில் எந்த மொழியில் இருந்தாலும் பாஸ் ஆகும்.

நீங்கள் கொண்டுபோகும் மாதிரி ஆடைகளுக்கு இரண்டு வழி. நாலைந்து உருப்படி என்றால் விற்க முடியாதபடி கெடுத்து எடுத்துப்போகலாம்: அழியாத மையில் 'மாதிரி' என்று ஆங்கிலத்தில் முத்திரை, அல்லது துளை. கோட்டில் முதுகுப்பக்க லைனிங்கிலிருந்து வெளித்துணிவரை துளையிடுங்கள், முன்பக்கத்தில் வெட்டினால் காட்டுவதற்கே ஆகாது. முழு கலெக்‌ஷன் என்றால் ஏடிஏ கார்னே, அதாவது வரி கட்டாமல் பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் சுங்க ஆவணம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு கொடுக்கிறது, ஓராண்டு செல்லும். பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் எண், எடை, மதிப்பு வேண்டும். வாங்கியபின் ஒரு டை கூடச் சேர்க்க முடியாது. கிளம்பும்போது சென்னையில் சுங்க முத்திரை, இத்தாலியில் நுழையும்போது ஒன்று. இத்தாலி, போர்ச்சுகல் இரண்டும் ஒரே சுங்க எல்லை, நடுவில் தேவையில்லை. போர்ட்டோவில் பெட்டியைச் செக்-இன் செய்யும் முன்பே சுங்கத்தில் காட்டி வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். பெட்டி போனபின் காகிதத்தை நீட்டினால் பொருளைப் பார்க்காமல் குத்தமாட்டார்கள். லண்டனில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இஸ்தான்புல்லிலும் அப்படியே. மிலானில் இருக்கும்போது கோமோ பார்க்கப்போய், பக்கத்தில்தானே என்று பெட்டியோடு லுகானோவுக்குத் தாண்டாதீர்கள். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய சுங்க எல்லையில் இல்லை. ஒரு முத்திரை விட்டுப்போனாலும் அந்த நாட்டு வரி ஃபிக்கி வழியாக உங்களிடம் வரும். சென்னையில் இறங்கியதும் திரும்ப இறக்குமதி முத்திரை குத்தி வாங்கி, பச்சை அட்டையோடு முழுக் கார்னேயையும் ஃபிக்கியில் ஒப்படைத்தால்தான் உங்கள் பிணைத்தொகை விடுபடும்.