கிபாலே காட்டில் சிம்பன்சி பார்க்க: கேட்டவையும் சொன்னவையும்

உகாண்டாவின் மேற்கே, ஃபோர்ட் போர்ட்டல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மழைக்காடு கிபாலே. இரண்டு முறை போய்வந்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, சிம்பன்சிக்கு தான்சானியா, ருவாண்டா எல்லாம் இருக்கே. ஏன் கிபாலே?

தாராளமாக அங்கேயும் போகலாம் தம்பி. ஜேன் குடால் என்ற ஆய்வாளர் 1960இல் சிம்பன்சி ஆய்வைத் தொடங்கிய கோம்பே காடு தான்சானியாவில்தான் இருக்கிறது. ஆனால் முதல் பயணம், கையில் பத்து நாள் என்றால் என் வாக்கு கிபாலேக்குத்தான். 800 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காட்டில் 1,500க்கு நெருக்கமாக சிம்பன்சிகள் வாழ்கின்றன. அவற்றையும் சேர்த்து 13 வகைக் குரங்கினங்கள். கன்யாஞ்சு என்ற இடத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போவார்கள். அங்குள்ள கூட்டம் ஆட்களுக்குப் பழகியது என்பதால் பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு.

ஒரு மணி நேரத்துக்கு 250 டாலராமே! பகல் கொள்ளை இல்லையா?

எனக்கும் வயிறு எரிந்தது. நான் போனபோது 200. 2024 ஜூலையில் 250 ஆக்கிவிட்டார்கள். கிளம்பும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் சிம்பன்சியைக் கண்டபிறகுதான் தொடங்கும். தேடி நடக்கிற நேரம் கணக்கில் வராது. முதல் முறை இருபது நிமிஷத்தில் கிடைத்தது, இரண்டாவது முறை மூன்று மணி நேரம் சேற்றில் நடந்தோம். ஒரு கூட்டம் மனிதரைக் கண்டு ஓடாமல் இருக்க, ஆட்கள் தினமும் பின்தொடர்ந்து பல வருஷம் பழக்க வேண்டும். அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் காசு.

முதலில் சத்தம்தான் வரும். "ஹூ… ஹூ…" என்று அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி, அலறலாக வெடிக்கும். அடுத்த நொடி ஒரு ஆண் ஓடிவந்து மரத்தின் பலகை வேரில் கையாலும் காலாலும் 'திடும் திடும்' என்று அடிக்கும். பறைச்சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கே அடிவயிறு கலங்கியது. ஐந்து நிமிஷம் கழித்து அதே ஆசாமி மல்லாந்து படுத்துப் பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

லேசாக ஜலதோஷம் இருந்தால் விடமாட்டார்களாமே? பணம் கட்டியபிறகும்?

விடக்கூடாது. இதில் நான் கறார். 2013இல் இதே காட்டின் கன்யாவாரா கூட்டத்தில் இருமல் பரவியது. 56 சிம்பன்சிகளில் ஐந்து செத்துப்போயின. பிறகு பார்த்தால், அது நமக்குச் சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸ் வகை. ஒரு நாள் மூக்கைச் சிந்திவிட்டு நாம் மறந்துபோவது சிம்பன்சிக்கு உயிர்க்கொல்லி. அதனால்தான் முகக்கவசம், பத்து மீட்டர் இடைவெளி, காட்டில் எச்சில் துப்பக்கூடாது என்ற விதியெல்லாம். விமானத்தில் தொண்டை கரகரத்தால் அடுத்த நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் வந்தார். இருமலை அடக்க அவர் பட்ட பாட்டில் சிம்பன்சியைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

பத்து வயது மகனையும் கூட்டிப்போகலாமா?

சிம்பன்சி நடைக்குப் பத்து வயதுப் பையனை விடமாட்டார்கள். பையனைப் பிகோடி சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போங்கள். கன்யாஞ்சுவிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஊர்க்காரர்களே சேர்ந்து காப்பாற்றும் இடம், வழிகாட்டிகளும் அந்த ஊர்க்காரர்கள். செங்கொலோபஸ் குரங்குகள் தலைக்குமேல் தாவும். பெற்றோரில் ஒருவர் மாற்றி ஒருவர் சிம்பன்சி பார்க்கப் போனால் சரியாகிவிடும்.

சிம்பன்சிகள் போர் செய்யும் என்று படித்தேன். நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். கிபாலேயின் நடுவில் ங்கோகோ என்ற ஆய்வு முகாம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே வழி கிடையாது. அந்தக் கூட்டம் ஒரு காலத்தில் 200 உருப்படி வரை வளர்ந்தது. அறியப்பட்டதில் அதுதான் மிகப் பெரிய சிம்பன்சிக் கூட்டம். ஆண்கள் வரிசையாக, சத்தமே இல்லாமல் எல்லையோரம் ரோந்து போகும். தனியாகச் சிக்கும் அயல்கூட்டத்தானை அடித்தே கொல்லும். பத்து வருஷம் இப்படி நடந்து, 2009இல் அயலாரின் நிலத்தில் ஒரு பகுதியைத் தன் எல்லையோடு சேர்த்துக்கொண்டன. பிறகு அந்தப் பெரிய கூட்டமே இரண்டாக உடைந்தது. ஒன்றாகப் பேன் பார்த்து வளர்ந்தவை ஒன்றையொன்று கொன்றன. பங்காளிச் சண்டை என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள்மேல் பாயுமோ என்ற பயம் வேண்டாம். ஓடாமல், வழிகாட்டி சொல்வதைக் கேட்டு நின்றால் போதும்.

நான் பறவைக்காரன். எனக்கு என்ன இருக்கிறது?

அப்பாடா, இதைக் கேட்க ஒருவராவது வந்தாரே! 370க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இருக்கின்றன ஐயா. நம்ம ஊர் ஆறுமணிக்குருவி தெரியுமில்லையா? அதன் உறவுக்காரன் ஒருவன் அங்கே உண்டு: பச்சை மார்பு பிட்டா. வயிறு சிவப்பு, இறக்கையில் நீலப் பொட்டுகள். அவனும் விடியலுக்குத்தான் ஆட்டம் காட்டுவான். இருட்டு விலகும் நேரத்தில் ஒரு கிளையில் நின்று, 'ப்ருப்' என்று ஓசை வர எம்பிக் குதித்து, மறுபடி அதே இடத்தில் உட்காருவான். அதற்காக விடியுமுன்னே கிளம்பும் தனி நடையை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நான் முதல் முறை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பிகோடியில் பெரிய நீல டுராக்கோ என்ற பறவையைத் தவறவிடாதீர்கள். முக்கால் மீட்டர் நீளம், கருங்கொண்டை, மஞ்சள் அலகு. இத்தனை அழகும் பறக்கத் தெரியாத கோழி மாதிரி கிளைக்குக் கிளை தாவும்போது சிரிப்பு வந்துவிடும். இருவாச்சியும், காட்டுக்குள் சாம்பல் கிளியும் உண்டு. கூண்டில் பார்த்தே பழகிய கிளி கூட்டமாக உச்சியில் பறந்து போகும்போது, கொஞ்ச நேரம் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

ஊசி, உடை, சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் நம்ம விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை ஒதுக்கி வைக்க விதி இருக்கிறது. முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியா மாத்திரையும் அவரிடமே.

முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகுங்கள். பார்க்கக் கேலியாக இருக்கும். படை எறும்பு வரிசையில் ஒரு தடவை கால் வைத்தால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

சைவம் என்றால் கவலை இல்லை. வேகவைத்து மசித்த மட்டோக்கே வாழைக்காயும் வேர்க்கடலைக் குழம்பும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க என்ன லென்ஸ்?

கறுத்த உடம்பு, இருண்ட காடு, ஃபிளாஷ் கூடாது. பெரிய ஜூமைவிட, குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிற லென்ஸ்தான் உதவும். முதல் பத்து நிமிஷம் கேமராவைத் தொடாதீர்கள்.

எந்த மாதம்? எத்தனை நாள்?

ஜூன் முதல் ஆகஸ்ட், அல்லது டிசம்பர் முதல் பிப்ரவரி. கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் 300 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். ஒரே இரவு தங்கி ஓடிவரும் திட்டத்தை ஏஜென்ட் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று இரவு. ஒரு காலை சிம்பன்சிக்கு, ஒன்று பிகோடிக்கு, ஒன்று பிட்டாவுக்கு.