ஹார்ன் ஸ்பீக்கரில் மட்டும் ஹம் கேட்பது ஏன்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டில் நீங்களே கட்டிய இஎல்84 சிங்கிள் எண்டட் (ஒரே வால்வு ஸ்பீக்கரை ஓட்டும்) ஆம்ப், 88 டிபி உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரில் அமைதியாக இருந்தது, 98 டிபி ஹார்னில் மாட்டியதும் உறுமுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. பத்தில் ஒரு பங்கு வாட்ஸிலேயே அதே சத்தம் கொடுப்பது, அதுவரை காதுக்கு எட்டாத ஹம் என்கிற கரண்ட் உறுமலையும் சேர்த்துத்தான் கொடுக்கும்.

ஆம்பை அணைத்து, சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே ஆம்பை ஆன் செய்து பாருங்கள். ஹம் நின்றால் கோளாறு முன்கட்டத்தில். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர்களை இறுக்கமாக முறுக்கி, சேசிஸ் (உலோகச் சட்டம்) ஓரமாகவே கொண்டுபோங்கள். அவற்றுக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்பார்மரின் 6.3 வோல்ட் சுற்றில் சென்டர் டேப் (நடுவிலிருந்து எடுத்த முனை) இல்லையா? இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

நிற்காவிட்டால் பவர் சப்ளைதான். ஏசியை டிசியாக்குவது இஇசட்81 ரெக்டிஃபையர் வால்வு என்கிறீர்கள், அதனால் அதை அடுத்து வரும் முதல் ஃபில்டர் கண்டன்சரை 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் ஏற்றவே வேண்டாம், வால்வு போய்விடும். அதற்கு அடுத்து ஒரு 10 ஹென்றி சோக் (ஹம்மை வடிகட்டும் கம்பிச்சுருள்) போட்டு, இரண்டாவது கண்டன்சரைப் பெரிதாக்குங்கள். டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருபவரிடம் சொன்னால் சோக்கும் சுற்றித் தருவார்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் வரை நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள், அண்ணாச்சி.