ஒரு கிண்ணம் சாம்பாருக்கு ஐந்து கணக்கு

கேள்வி: எனக்கு வயது 38. வீட்டில் ஆறு பேர், சமையல் மாமியார் கையில். எடை குறைப்பதற்காக இரண்டு மாதமாகக் கைப்பேசியில் ஒரு ஆப் போட்டு, சாப்பிடுவதையெல்லாம் எழுதி வருகிறேன். தினம் 1,300 கலோரியைத் தாண்டுவதில்லை. ஆனால் எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. ‘சாம்பார் ஒரு கிண்ணம்’ என்று தேடினால் 60-லிருந்து 250 வரை ஐந்து கணக்கு காட்டுகிறது. வேறு ஆப் மாற்றட்டுமா? எது நல்லது? தராசு வாங்கலாம் என்றால், ‘அன்னத்தை எடை போட்டுச் சாப்பிடுவார்களா?’ என்று மாமியார் முகம் சுளிக்கிறார்.
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, ஆப்பை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் இப்போது எழுதுகிற மாதிரியே எழுதினால் அங்கேயும் 1,300தான் வரும்.

நீங்கள் பொய்க் கணக்கு எழுதுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்க மாட்டேன் என்கிறது’ என்றவர்களை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து, 1992-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் அது அமெரிக்கச் சாப்பாடு. நம் சாப்பாட்டில் தாளிப்பும் தேங்காயும் கண்ணுக்கே தெரியாது.

முதலில் காபியைப் பாருங்கள். ஆப்பில் ‘காபி ஒரு கப்’ என்று தேடி, முதலில் வந்ததைத் தொட்டிருப்பீர்கள். அது பாலில்லாத கறுப்புக் காபியாக இருந்தால் இரண்டு மூன்று கலோரிதான். உங்கள் ஊர்க் காபி அப்படியா இருக்கும்? ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. அந்தப் பால் 100 மில்லி சுமார் 85 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. ஒரு டம்ளர் 125 ஆகிறது. விடிகாலை, பதினோரு மணி, சாயங்காலம் என்று மூன்று வேளைக்கு 375. நீல பாக்கெட்டில் கொழுப்பு பாதிதான், அதற்கு மாறினால் கொஞ்சம் குறையும். காபியை விடச் சொல்லவில்லை, நானே விட மாட்டேன். கணக்கில் எழுதினால் போதும்.

அடுத்தது எண்ணெய். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. மாதத்துக்கு நாலரை லிட்டர் செலவாகிறது என்றால், ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு தினம் 25 மில்லி, ஏறக்குறைய 200 கலோரி. போட்டோ எடுத்தால் கணக்குச் சொல்லும் ஆப்கள் இப்போது வந்திருக்கின்றன. தட்டில் இருப்பது வாழைக்காய் வறுவல் என்று அது கண்டுபிடித்துவிடும், வாணலியில் எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்துங்கள், பூஜ்யம் காட்டும். தாளிக்க ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 30 என்று காட்டினால் 30 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். ஸ்பூனைக் கழுவும் வேலைகூட இல்லை.

சோற்றில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பச்சையாக 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. அதுவே வெந்து தண்ணீர் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகிவிடுவதால், 100 கிராம் சோறு 130 கலோரி அளவில் நிற்கும். ஒரு ஆழாக்கு அரிசியை வடித்துச் சாப்பிட்டுவிட்டு ‘சோறு ஒரு கப்’ என்று எழுதினால் பாதிக்குப் பாதி காணாமல் போய்விடும். எனவே எழுதும்போது அரிசியா சோறா என்று பாருங்கள். பழைய சோற்றை நீரோடு தராசில் வைக்காதீர்கள், ராத்திரி தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடை பார்த்து வையுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் கலோரி குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. நார்ச்சத்துக்கும் ருசிக்கும் சாப்பிடுங்கள், கிராமுக்குக் கிராம் கலோரி ஏறக்குறைய ஒன்றேதான்.

சாம்பார் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஐந்து கணக்கும் யாரோ ஐந்து பேர் வீட்டுச் சாம்பார். உங்கள் வீட்டுச் சாம்பார் அதில் இல்லை. சாம்பாருக்காவது ஐந்து கிடைக்கிறது, இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணம் கடப்பாவை எந்த ஆப்பில் போய்த் தேடுவீர்கள்? நாமே எழுதிவிட வேண்டியதுதான். பாசிப்பருப்பு 100 கிராம், 340 கலோரி. உருளைக்கிழங்கு 250 கிராம், 180. தேங்காய் 100 கிராம், 400. பொட்டுக்கடலை ஒரு கை, 75. எண்ணெய் 30 கிராம், 270. வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்து 65. மொத்தம் 1,330. இறக்கி வைத்ததும் பாத்திரத்தோடு எடை போட்டு, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். 1,400 கிராம் நிற்கிறது என்றால் 100 கிராமுக்கு 95 கலோரி. உங்கள் தட்டில் விழுந்தது 160 கிராம் என்றால் 152. ஆப் ‘எத்தனை பேருக்கு?’ என்று கேட்கும் இடத்தில் 14 என்று போட்டுவிட்டால் ஒரு பங்கு 100 கிராம் ஆகிவிடும், அப்புறம் பெருக்கல் அதன் பாடு.

தினமும் இப்படியா என்று மலைக்காதீர்கள். எந்த வீட்டிலும் சுற்றிச் சுற்றி வருவது இருபது பதார்த்தம்தான். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த தடவை பெயரைத் தொட்டால் போதும்.

ஆக, சொந்தச் சமையலைக் கிராம் கணக்கில் சேர்த்து வைக்க விடுகிற ஆப்தான் உங்களுக்கு வேண்டும். ஹெல்திஃபைமீ பெங்களூரில் 2012-ல் தொடங்கியது, நம் பதார்த்தங்கள் நிறைய இருக்கும். மைஃபிட்னஸ்பால் பட்டியல் பெரிது, ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் கண்ணை மூடிக்கொண்டு தொடக் கூடாது. க்ரோனோமீட்டரில் நம் ஊர்ப் பதார்த்தம் குறைவு, எண்கள் எங்கிருந்து எடுத்தவை என்பதைக் காட்டும். வீட்டுச் சமையலே சாப்பிடுகிற உங்களுக்கு நான் க்ரோனோமீட்டரைத்தான் சொல்வேன். சந்தேகம் வந்தால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள், 528 உணவுப்பொருள் இருக்கிறது. அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.2-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்காமல் அப்படியே எழுதினால் ஒரு வாய்ச் சோறே விருந்தாகிவிடும்.

கல்யாணப் பந்தியிலும், திருவையாற்றுக்குப் போய் அசோகா அல்வா சாப்பிட்ட நாளிலும் தராசைத் தேடாதீர்கள். குத்துமதிப்பாக எழுதுங்கள், கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். நடந்ததற்கு ஆப் காட்டும் ‘எரித்த கலோரி’யை நம்பி இன்னொரு வடை எடுக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சரியாக எழுதி ஒரு மாதம் ஆகியும் எடை அசையவில்லை என்றால் தைராய்டு பார்த்துவிடலாம்.

மாமியார் விஷயம். தட்டில் போட்ட சோற்றை அவர் எதிரில் எடை போட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அதனால் தராசை அடுப்பங்கரையிலேயே வையுங்கள், பண்டம் சட்டிக்குள் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அளந்து போடுவது அவருக்குப் புதிதும் இல்லை, இத்தனை வருடமாக ஆழாக்கை வைத்து அளந்துதானே உலை வைக்கிறார்? ‘அத்தை, இதில் தலைதட்டினால் எத்தனை கிராம் பிடிக்கும்?’ என்று கேட்டு, அந்த ஆழாக்கை அவர் கையாலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.